ஏழு பிள்ளைகள், மூன்று டப்பாக்கள்

3-3-87, செவ்வாய்

காலை பாசஞ்சர் இருபது நிமிஷம் தாமதம். முண்டியம்பாக்கத்தில் நின்றது நின்றதுதான். திண்டிவனத்தில் இறங்கி ஓட்டமும் நடையுமாய்க் கல்லூரிக்குப் போனால், கரும்பலகையில் யாரோ ‘இன்று கணக்கு மேடம் லீவு’ என்று ஆசை ஆசையாக எழுதி வைத்திருந்தார்கள். அதை அழித்துவிட்டு இருபடிச் சமன்பாட்டை ஆரம்பித்தேன். எழுதியவள் யார் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

மத்தியானம் பிரின்சிபால் கூப்பிட்டார். யாருடைய லீவுக்கு நான் வந்தேனோ அந்த அம்மா திரும்பி வரப் போவதில்லையாம். வரும் வருஷம் முழுக்க நானே தொடரலாமாம். சம்மதமா இல்லையா, முப்பத்தொன்றாம் தேதிக்குள் எழுதித் தர வேண்டும். எனக்கு அவர் மேஜை முன்னாலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. எம்.எஸ்ஸி. முடித்து மூன்று வருஷம் கழித்து, ‘மேடம்’ என்று என்னை நாலு பேர் கூப்பிடுகிறார்கள்!

விழுப்புரத்தில் இறங்கி ரயில்வே காலனிக்கு வந்ததும் குதிப்பெல்லாம் அடங்கிவிட்டது. சவுரியம்மாள் இடுப்பிலிருந்து எழிலை வாங்கினேன். லேசாக இருந்தாள். நேற்றைவிட லேசாகவா? குழாயடியில் ஒருத்தி போகிற போக்கில், “பாவம், புள்ள இளைச்சுக்கினே போவுது” என்றாள்.

எழிலுக்குப் பத்து மாசம். நான் வேலைக்குப் போக ஆரம்பித்து இரண்டு மாசம். பகலெல்லாம் அவளைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டுச் சவுரியம்மாள். அவள் வீட்டுக்காரர் பாயிண்ட்ஸ்மேன். அவள் பையன் ஆரோக்கியம் எழிலுக்குப் பத்து நாள் மூத்தவன், இரண்டு கன்னமும் இட்லி மாதிரி இருக்கும். இரண்டையும் ஒரே மடியில் போட்டு வளர்க்கிறாள். “தன் புள்ளைக்குப் போக மிச்சம்தானே அடுத்த புள்ளைக்கு” என்று காலனியில் ஒரு பேச்சு. நான் அதை நம்பவில்லை.

நம்பாதவள் எதற்கு அதை இங்கே எழுதுகிறேன்?

5-3-87

எழில் என் மூக்கைக் கடித்தாள். பல் இரண்டுதான். நல்ல கூர்மை.

7-3-87, சனி

காலனி ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கு எடை பார்க்கும் நாள். நர்ஸம்மா எழிலைத் துணிப்பையில் உட்காரவைத்துத் தராசுக் கொக்கியில் தொங்கவிட்டார். அவள் ஏதோ ராட்டினத்தில் ஏறிய மாதிரி சிரித்தாள். நர்ஸம்மா வாயே திறக்கவில்லை. அட்டையில் குறித்து, இரண்டாக மடித்து, என் கையில் திணித்தார். தீபாவளிக்கு முன்னால் டிக்கெட் பரிசோதகர் பெண்சாதி பொன்னியின் பிள்ளையைத் தூக்கி, “காலனியிலேயே இவன்தான் முதல்!” என்று சத்தமாகச் சொன்னாராம். அன்று ராத்திரியே பிள்ளைக்கு ஜுரம். கண்ணு பட்டுவிட்டது என்று பொன்னி போட்ட சண்டையில் நர்ஸம்மா அன்றோடு வாயைக் கட்டிக்கொண்டுவிட்டார். அட்டை தாயிடம்தான். அங்கே ரிஜிஸ்டர்கூடக் கிடையாது.

மரத்தடிக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தேன். ஏழு கிலோ இருநூறு.

சுவரில் தொங்குகிற படத்தில் பத்து மாசத்துக்கு ஒன்பது கிலோ போட்டிருக்கிறது. நர்ஸம்மாவிடம் கேட்டேன். “அது சீமைப் புள்ளைங்களுக்குப் போட்ட கணக்கும்மா. நம்ம புள்ளைங்களோட வெச்சுப் பாரு.”

“நம்ம பிள்ளைங்க சராசரி எவ்வளவு இருக்கும்?”

“நான் சொல்ல மாட்டேம்மா. சராசரின்னாலும் அதுவும் நம்பருதானே!”

சரி. முடிவு பண்ணிவிட்டேன். காலனியில் எழிலோடு சேர்த்து ஒன்பது மாசத்திலிருந்து பதினோரு மாசம் வரை ஏழு பிள்ளைகள். அந்த ஏழின் சராசரிக்கு இவள் கீழே என்றால் பிரின்சிபாலுக்கு ‘முடியாது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பேன். மேலே என்றால் போவேன். கணக்கு படித்தவள் கணக்குப்படி நடக்கட்டும்.

ஆனால் சராசரியை யார் சொல்வார்கள்?

8-3-87

பொன்னியிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தேன். “தையலக்கா, படிச்சவங்க நீங்களே இப்படிக் கேக்கலாமா?” என்று பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். என்னவோ நான் கண்ணாலேயே அரைக் கிலோ அறுத்துக்கொண்டு போகிற மாதிரி.

இவரிடம் சொன்னேன். இவருக்குப் பார்சல் ஆபீசில் வேலை. “ஏழு புள்ளைங்களையும் எங்க தராசுல ஒண்ணா உக்கார வெச்சுடலாம். ‘மேல் பக்கம் இது’ன்னு சீட்டு ஒட்டி மெட்ராசுக்கு புக் பண்ணிடறேன்” என்றார். கோபம் வந்தது. அப்புறம், ஒன்றாக உட்காரவைத்தால் தனித்தனி எடை தெரியாதே, அது அருமையான யோசனையாச்சே என்று தோன்றியது. ஏழு பிள்ளைகளை ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் உட்காரவைக்க யாரால் முடியும்!

10-3-87, செவ்வாய்

செண்பகம் கடிதம்! எம்.எஸ்ஸி.யில் என் பக்கத்து இருக்கை. இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் பக்கம் ஆராய்ச்சி செய்கிறாள். கூடவே ஒரு கட்டுரையின் ஜெராக்ஸ். எழிலை முதுகில் தட்டிக்கொண்டே படித்தேன், படிக்கப் படிக்கத் தட்டு வேகமாகிவிட்டது போல, அவள் ஏப்பம் மேல் ஏப்பம் விட்டாள்.

ஒரு ரகசிய எண். அதைத் துண்டு துண்டாக்கிப் பலரிடம் கொடுத்து வைக்கலாமாம். ஒரு துண்டை மட்டும் வைத்திருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. கொஞ்சம்கூடத் தெரியாது! எல்லாம் சேர்ந்தால்தான் எண் வெளியே வரும். எப்படி என்றால், ஒரு புள்ளி வழியாக எத்தனை கோடு வேண்டுமானாலும் போகும். இரண்டாவது புள்ளியும் தெரிந்தால்தான் கோடு எது என்று நிச்சயம். அவ்வளவுதான் விஷயம். நான் பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு நடத்துகிற அதே கோடு!

கடைசியில் செண்பகம் ஒரு புதிர் போட்டிருக்கிறாள்: ‘ஏழு பெண்கள். யாரும் வயதைச் சொல்ல மாட்டார்கள். சராசரி வயதைக் கண்டுபிடி பார்க்கலாம், தையல்.’

ஏழு பெண்கள்.

ஏழு!

11-3-87

முதல் யோசனை: வட்டமாக உட்கார வேண்டியது. முதல் ஆள் தன் எண்ணோடு ஒரு ரகசிய எண்ணைக் கூட்டி அடுத்தவள் காதில் சொல்ல, அவள் தன்னுடையதைக் கூட்டி அடுத்தவளுக்கு, இப்படியே சுற்றி வந்து கடைசியில் முதல் ஆள் ரகசிய எண்ணை எடுத்துவிட்டால் மொத்தம்.

ஓட்டை: எனக்கு இடப் பக்கத்துக்காரியும் வலப் பக்கத்துக்காரியும் குழாயடியில் சந்தித்து, என் காதில் விழுந்த எண்ணையும் நான் சொன்ன எண்ணையும் கழித்துப் பார்த்தால் நான் தொலைந்தேன். நம் காலனியில் சந்திக்காமல் இருப்பார்களா?

12-3-87, வியாழன்

ரயிலில் பேரணி தாண்டும்போது பளிச்சென்று வந்தது. டப்பாக்கள்! மூன்று டப்பா. ஒவ்வொருத்தியும் தன் எண்ணை மூன்று சீட்டாக உடைத்து, டப்பாவுக்கு ஒன்றாகப் போட வேண்டும். டப்பாவுக்கு ஒருத்தி. அவள் தன் டப்பாவை மட்டும் கூட்டி அந்த ஒரே ஒரு மொத்தத்தைச் சொல்வாள். மூன்று மொத்தங்களையும் சேர்த்தால் ஏழு பிள்ளைகளின் எடை! சீட்டில் கையெழுத்து தெரிந்தாலும் பரவாயில்லை. ஒரு துண்டை வைத்து எவளாலும் எதுவும் கண்டுபிடிக்க முடியாது.

டப்பாக்காரிகள் மூன்று பேரும் கூடிப் பேசினால்தான் ஆபத்து. ஆகவே ஒருத்தியோடு ஒருத்தி பேசாத மூன்று பேர் வேண்டும். அந்தச் செல்வத்துக்கு நம் காலனியில் பஞ்சமா? பொன்னியும் கேங்மேன் சம்சாரம் முனியம்மாளும் குடம் வைத்த வரிசையில் சண்டை, தை மாசத்திலிருந்து பேச்சில்லை. பொன்னி போட்ட கோலத்தில் சவுரியம்மாள் மீன் கழுவின தண்ணீர் ஓடியது, பேச்சில்லை. முனியம்மாள் கோழி சவுரியம்மாள் வீட்டில் முட்டையிட்டது, முட்டை திரும்பி வரவில்லை, பேச்சில்லை. மூன்று பக்கமும் அடைத்தாயிற்று. செண்பகம் ஆராய்ச்சி செய்தால்கூட இப்படி ஒரு பத்திரமான ஏற்பாடு கிடைக்காது.

இதையெல்லாம் கைப்பையில் கிடந்த பழைய பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதி நிமிர்ந்து பார்த்தால் ஒலக்கூர். திண்டிவனம் எப்போதோ போய்விட்டிருக்கிறது. பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன். முதல் வகுப்பு காலி. கரும்பலகையில் மறுபடியும் ‘மேடம் லீவு’. இந்த முறை அது உண்மை.

14-3-87, சனி

இடி. துண்டுகள் எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம் என்றால் மைனஸும் வரும். 6 கிலோ 200ஐ 62 என்று எடுத்துக்கொண்டு 500, 200, அப்புறம் மைனஸ் 638 என்று போடலாம் என்று முனியம்மாளிடம் சொன்னேன்.

“கழிக்கிறதா? பச்சப் புள்ள பேர்ல கழிச்சுக்கினு உக்காருவாங்களா? இன்னா டீச்சரம்மா நீ! போ அந்தாண்ட.”

பொன்னி வீட்டுக்குப் போனேன். அவளும் அதையே சொன்னாள், கொஞ்சம் மரியாதையாக. இரண்டு மாசமாக எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேரும் என் கணக்கைக் கவிழ்ப்பதில் ஒத்துப்போய்விட்டார்கள்.

15-3-87, ஞாயிறு

கிடைத்தது, கிடைத்தது, கிடைத்தது!

இவர் சட்டையில் மை. துவைக்கும்போது திட்டினேன். “நம்பர் மெஷின்ல 999 வந்துடுச்சு. அதுக்கப்புறம் மறுபடியும் 000 தானே வரும், அதைத் துடைக்கப் போய்க் கொட்டிக்கினேன்” என்றார். ஈரச் சட்டையோடு அப்படியே நின்றேன். 999க்கு அப்புறம் 000. கழித்தலே வேண்டாம்! ஆயிரம் சேர்ந்தால் ஆயிரத்தை விட்டுவிட வேண்டியதுதான்!

எடையை நூறு நூறு கிராமாக எண்ணினால், 6 கிலோ 200 உள்ள பூசணிக்காய் 62. மனசுக்கு வந்த இரண்டு எண்கள்: 415, 333. சேர்த்தால் 748. அங்கிருந்து 1062 வரை போக இன்னும் எவ்வளவு? 314. மூன்று சீட்டு தயார். 1062இல் ஆயிரத்தை விட்டால் 62. முதலிரண்டும் சேர்ந்து ஆயிரத்து அறுபத்திரண்டைத் தாண்டிவிட்டால் 2062 வரை போக வேண்டும்.

முனியம்மாளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதே இருக்கவில்லை. பிளாட்பாரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்றவள், சில்லறை தருகிற மாதிரி மேலே எண்ணிக்கொண்டு போய் நான் பென்சிலை எடுப்பதற்குள் சொல்லிவிட்டாள். எழுத்துத் தெரியாதே என்று நான் இழுத்ததற்கு, “பஸ் நம்பர் பாத்து ஏறத் தெரியுது, நம்பர் எழுதத் தெரியாதா?” என்றாள்.

வீடு வீடாகப் போய்ப் பூசணிக்காய், பரங்கிக்காய், சுரைக்காய் எல்லாவற்றையும் மூன்று சீட்டாக உடைக்கப் பழக்கினேன். ஏழு பேரும் சம்மதம். சவுரியம்மாள் மட்டும் இரண்டு முறை கேட்டாள்: “ஆருக்கும் தெரியாதில்ல, டீச்சரம்மா? உனக்கும் தெரியாதில்ல?”

எனக்கும் தெரியாது என்றேன். ஏன் கேட்டாள்?

21-3-87, சனி

ஏழு கிலோ முந்நூறு! நூறு கிராம் ஏறியிருக்கிறாள். வழியெல்லாம் ‘எழுபத்திமூணு, எழுபத்திமூணு’ என்று காதில் பாடிக்கொண்டே தூக்கி வந்தேன். அவள் என் காதைக் கடித்தாள்.

22-3-87, ஞாயிறு

தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துப் புங்கமரத்தடி. நாலு மணி. எங்கள் வீட்டில் பால் பவுடர் வாங்குவதே கிடையாது, தாய்ப்பால்தான் என்று எல்லாருமே சத்தியம் பண்ணுகிறவர்கள். ஆனால் பால் டப்பா வேண்டும் என்றதும் கழுவித் துடைத்து மூன்று வந்துவிட்டன. யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. அதுவும் ஒரு நாகரிகம்.

முனியம்மாள், பொன்னி, சவுரியம்மாள். மூன்று பேரும் மூன்று திக்கைப் பார்த்து முதுகு காட்டி உட்கார்ந்தார்கள், நான் சொல்லாமலே. நேற்றே ஆளுக்கு ஒரு டப்பா கொடுத்துவிட்டேன். சீட்டுகள் விழுந்தன. கூட்டினார்கள். பொன்னி விரல் விட்டு எண்ணியதைப் பார்த்து முனியம்மாள் மரத்தைப் பார்த்துச் சிரித்தாள். முடிந்ததும் அவரவர் சீட்டை அவரவர் அடுப்பில் போட்டுவிட்டு வந்தார்கள்.

“தொள்ளாயிரத்துப் பன்னெண்டு,” முனியம்மாள்.

“முந்நூத்தி நாப்பது,” பொன்னி.

“முந்நூத்தி நாப்பத்தொம்போது,” சவுரியம்மாள்.

ஆயிரத்து அறுநூற்று ஒன்று. ஆயிரத்தை விட்டால் 601. ஏழால் வகுத்தேன்.

எட்டு கிலோ ஐந்நூற்று எண்பத்தாறு.

சத்தமாகச் சொன்னேன். யாருமே சிரிக்கவில்லை. அவரவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நானும்.

என் பிள்ளை ஒண்ணேகால் கிலோவுக்கு மேல் கீழே இருக்குது. ஒண்ணேகால் கிலோ! ஒரு மாசத்துல ஏறக்கூடியதா அது? நான் இருபடிச் சமன்பாடு நடத்திக்கினு இருந்த நேரமெல்லாம் இது பசியோட கெடந்துச்சா? கேட்டா சொல்லத் தெரியுமா அதுக்கு? சவுரியம்மா… வேண்டாம். எழுத வேண்டாம்.

23-3-87

‘மதிப்புக்குரிய முதல்வர் அவர்களுக்கு, குடும்பச் சூழ்நிலை காரணமாக…’ எழுதி மடித்துக் கைப்பையில் வைத்தேன். கல்லூரியில் கொடுக்கவில்லை. நாளைக்குக் கொடுக்கிறேன்.

சாயங்காலம் எழிலை வாங்கும்போது சவுரியம்மாள் முகத்தை நான் பார்க்கவில்லை. அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

24-3-87, செவ்வாய்

எழுத உட்கார்ந்தால் சிரிப்பு வருகிறது. முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலை ஐந்தரை, குழாயடி. யாருக்கும் முகத்தில் களை இல்லை. பொன்னிகூட. காலனியின் முதல் பிள்ளையைப் பெற்ற பொன்னி ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள்? முனியம்மாள் குடத்தை நங்கென்று வைத்தாள். “எட்டரை கிலோவாம்! எம் புள்ள எங்க, எட்டரை எங்க. அப்பிடியும் அந்த டப்பாவ நான் வெறுசா வெச்சுக்கல. புள்ளைங்க சமாச்சாரமாச்சே, வெறும் டப்பாவுலயா ஆரம்பிப்பாங்கன்னு மாரியாத்தாவுக்குப் பதினொண்ணு எழுதிப் போட்டுட்டுத்தான் மத்த சீட்டையே வாங்கினேன்.”

என் குடம் நிரம்பி வழிந்தது.

“என்ன போட்ட?”

“பதினொண்ணு.”

“கூட்டும்போது அதையும் சேர்த்தா கூட்டின?”

“சாமிக்குப் போட்டத எடுப்பாங்களா?”

எவள் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுத்திருக்கிறாள் இந்தக் காலனியில்? ஒரு கிண்ணம் குழம்பு வாங்கினால் ஒரு பிடி அரிசியாவது போட்டுத்தானே கிண்ணம் திரும்பி வரும்? நேற்று முந்தாநாள் வந்தவளா நான்? காலி டப்பாவைக் கையில் கொடுத்தேனே, எனக்கு ஏன் தோன்றவில்லை?

பொன்னி பக்கம் திரும்பினேன். அவள் ஏற்கெனவே சிவந்து போயிருந்தாள். “நான் புள்ளையாருக்கு… இருபத்தொண்ணு.”

முனியம்மாள் அவளைப் பார்த்தாள். தை மாசத்துக்கப்புறம் முதல் தடவையாகப் பேசினாள்: “நீயுமா?”

“நீ மட்டும்தான் சாமி கும்புடுவியா?”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வரிசையே கலைந்துவிட்டது. அப்படியே மூன்று பேருமாய்ச் சவுரியம்மாள் வீட்டுக்கு ஓடினோம். அவள் கேப்பைப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். “நான் ஒண்ணும் போடல” என்றாள் முதலில். அப்புறம் கரண்டியைப் பார்த்துக்கொண்டே, “மாதாவுக்கு. அம்பத்தொண்ணு” என்றாள். “கொறச்சலா போட்டா நல்லா இருக்காதேன்னு.”

பதினொன்று, இருபத்தொன்று, ஐம்பத்தொன்று: எண்பத்து மூன்று. 601இல் எண்பத்து மூன்று போனால் 518. ஏழால் வகுத்தால்… எழுபத்து நாலு, மீதியில்லாமல்! ஏழு கிலோ நானூறு! சுவரில் கரித்துண்டால் போட்டுப் பார்த்து, முனியம்மாள் வாயாலும் ஒரு தடவை போடச் சொல்லிப் பார்த்தேன். அதே 74.

ஏழு பேரும் சராசரிக்குக் கீழே என்று ஏழு பேரும் இரண்டு நாள் அழுதிருக்கிறோம். எல்லாருமே சராசரிக்குக் கீழே இருக்க முடியாது என்று பி.எஸ்ஸி. முதல் வருஷத்துப் பெண் சொல்லுவாள். கோல்டு மெடல் வாங்கின எனக்கு மரத்தடியில் அந்த முகங்களைப் பார்த்தும் உறைக்கவில்லை.

பாசஞ்சர் போய்விட்டது. போகட்டும்.

மற்ற இரண்டு பேரும் போன பிறகு சிரிப்பு மெதுவாக நின்றது. 73. சராசரி 74. நூறு கிராம் கீழே. என் விதிப்படி கீழே என்றால் கீழேதான்.

அதைச் சவுரியம்மாளிடம் சொல்லிவிட்டேன். பிரின்சிபால் கடிதம், முப்பத்தொன்றாம் தேதி, என் விதி, எழிலின் எண், எல்லாவற்றையும். எண்ணைச் சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் அடுப்பைத் தணித்தாள். ஆரோக்கியத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “ஏழு” என்றாள்.

“என்ன ஏழு?”

“எம் புள்ள. ஏழே கிலோ. ஒரு கிராம் மேல இல்ல. கன்னந்தான் உப்பலு, ஒடம்புல ஒண்ணுமில்ல. ஒரே கிண்ணத்துலதான் ரெண்டுக்கும் ஊட்றேன், ஒரு வாய் அதுக்கு, ஒரு வாய் இதுக்கு. காலனில இன்னா பேசறாங்கன்னு எனக்குத் தெரியாதா, டீச்சரம்மா? எம் புள்ள எடைய வெளிய சொல்லிட்டா அந்தப் பேச்சு நின்னுடும். எப்பிடிச் சொல்றது? புள்ளைக்கு ஆவாதே.”



“இப்ப சொல்லிட்டியே” என்றேன்.

“நீயுந்தான் சொல்லிட்ட. கண்ணு பட்டா ரெண்டுக்கும் சேந்து படட்டும். வேலைக்குப் போவியா மாட்டியா, அத்தச் சொல்லு. ஜல்தியா சொல்லு, பால் பொங்குது.”

25-3-87

கைப்பையிலிருந்த கடிதத்தைக் கிழித்தேன். ‘வரும் கல்வியாண்டிலும் பணியைத் தொடரச் சம்மதம்’ என்று புதிதாக எழுதி நேரில் கொடுத்தேன். பிரின்சிபால் படித்துவிட்டு, “இதுக்கா இத்தனை நாள்?” என்றார். ஏழு பிள்ளை, மூன்று டப்பா, மூன்று சாமி, எப்படிச் சொல்வது? “வீட்டில் கலந்து பேசினோம் சார்” என்றேன்.

இவரிடம் நூறு கிராம் கணக்கைச் சொன்னேன். “நூறு கிராமா? எங்க தராசுல ஈ உக்காந்தா அவ்ளோ காட்டும்” என்றார்.

29-3-87

செண்பகத்துக்கு எட்டுப் பக்கம் எழுதினேன். ‘உன் கட்டுரையில் ஒரு குறை. ஆட்கள் சேர்ந்து சதி செய்தால் என்ன ஆகும் என்று எழுதியிருக்கிறார்கள். சாமி கும்பிட்டால் என்ன ஆகும் என்று எழுதவில்லை.’

18-4-87

இந்த மாசமும் கணக்குப் போட வேண்டும் என்று அவர்களே வந்து நின்றார்கள். பேச்சில்லாத மூன்று பேர் வேண்டுமே என்று தேடினால் ஒருவரும் அகப்படவில்லை. பொன்னியும் முனியம்மாளும் இப்போது ஒரே பாயில் உட்கார்ந்து ஊர்க் கதை பேசுகிறார்கள். சவுரியம்மாள் மீன் குழம்பு பொன்னி வீட்டுக்குப் போய்க் கிண்ணத்தில் அரிசியோடு திரும்பி வருகிறது. பாதுகாப்பு அடியோடு நாசம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பில் நல்ல சண்டையாக மூன்று பார்த்துச் சொல்வதாக இவர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

16-6-87

கல்லூரி திறந்தாயிற்று. காலையில் எழில் டாட்டா காட்டினாள். அழவில்லை. நான்தான் மயிலம் வரை.

3-7-87, வெள்ளி

ரயிலை விட்டு இறங்கி வரும்போது தொட்டிப் பக்கம் முனியம்மாள். “டீச்சரம்மா, அந்த அரிவாள்மணையக் கீழ வெக்காத, பரண் மேல போட்டு வையி.” எதற்கு என்றேன். “சும்மாத்தான்.”

பத்தடி தள்ளிப் பொன்னி. காகிதத்தில் சுற்றின ஒரு ஜோடி பீப்பீச் செருப்பைக் கையில் திணித்தாள். “இவனுக்குச் சின்னதாப் போச்சுக்கா. சும்மாக் கெடக்குதேன்னு.”

நர்ஸம்மா சைக்கிளை நிறுத்தி, “படிக்குக் கதவு போட்டாச்சா?” என்றார். எங்கள் வீட்டில் இருப்பது மொத்தமே இரண்டு படி.

ஒவ்வொன்றும் தனியாக ஒன்றுமில்லை. வாசலுக்கு வருவதற்குள் மூன்றும் மனசில் தானாகவே சேர்ந்துகொண்டன. அங்கேயே நின்றுவிட்டேன். சவுரியம்மாள் எழிலை இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்கோ பார்த்தபடி, “இன்னிக்கு நல்லாத் தூங்கினா. வேற ஒண்ணுமில்ல” என்றாள். பொய் சொல்ல அவளுக்கு இன்னும் வரவில்லை.

என்னைப் பார்த்ததும் எழில் கால்களை உதைத்துக் கீழே வழுக்கினாள். நின்றாள். நடந்தாள். தள்ளாடவே இல்லை. நடுவில் கிடந்த முறத்தைச் சுற்றி வளைந்துகூட வந்தாள். ஏழடி, என் முழங்கால் வரைக்கும்.

“ஐயோ, நடக்குதே!” என்று சவுரியம்மாள் கத்தினாள். எங்கிருந்தோ முனியம்மாளும் பொன்னியும் ஓடி வந்து, “இன்னிக்குத்தானா? மொத மொதல்லயா? அம்மா வர வரைக்கும் காத்துக்கினு இருந்திருக்குது பாரேன்!” என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள்.

“இன்னிக்குத்தான்!” என்று நானும் கத்தினேன். அழுகையும் வந்தது, அது நடிப்பில்லை. எழிலைத் தூக்கிச் சுற்றினேன். அவளுக்கு அவசரம், இறங்க வேண்டும், முறத்தை இன்னொரு முறை சுற்ற வேண்டும்.

எத்தனை நாளாக நடக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. இவர் ஆபீசிலிருந்து வந்ததும், முதல் அடி என் கண் முன்னால்தான் என்று சொன்னேன்.